லண்டனில் என்ன படிக்கிறான்?

சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறினால் திருநின்றவூருக்கு அடுத்த நிறுத்தம் வேப்பம்பட்டு. காலையில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற அதே பிளாட்பாரத்தில், சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கு வருகிற பிள்ளைகள் இறங்குகிறார்கள். மனை விலை மலிவாக இருந்த நாளில் இங்கே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்ட குடும்பங்கள் உண்டு. அவற்றில் சில இன்று அந்தப் பத்திரத்தை வங்கியில் வைத்து, பிள்ளையைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்புகின்றன. "பையன் லண்டன்ல இருக்கான்" என்று சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு நிமிர்வு. "என்ன படிக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். "எம்.எஸ்." என்பதோடு பதில் முடிந்துவிடும்.

ஊர் தெரிந்த அளவுக்குப் பாடம் தெரியவில்லை. முடிவெடுக்கும் வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பதுதான் நம் கட்சி. முதலில் நாடு, பிறகு நகரம், பிறகு செப்டம்பர் இன்டேக்கா ஜனவரியா, பிறகு எந்தக் கல்லூரி சீக்கிரம் ஆஃபர் லெட்டர் தரும் என்பது. பாடம் கடைசியில் வருகிறது, அதுவும் கன்சல்டன்சிக்காரர் நீட்டுகிற பட்டியலிலிருந்து. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். சேர்த்துவிடுகிற ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கமிஷன் தருகின்றன. அதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. ஆனால் யார் சம்பளம் கொடுக்கிறார்களோ அவர்கள் சரக்குதான் முதலில் மேசைக்கு வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

லண்டன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். லண்டன் பல்கலைக்கழகம் என்பது ஒற்றைக் கல்லூரி அல்ல. யு.சி.எல்., கிங்ஸ், எல்.எஸ்.இ., எஸ்.ஓ.ஏ.எஸ்., குவீன் மேரி என்று பல தனித்தனி நிறுவனங்களின் கூட்டமைப்பு அது. முன்பு அதில் இருந்த இம்பீரியல் கல்லூரி 2007-ல் பிரிந்துபோனது. இவை ஒருபுறமிருக்க, தொலைதூர ஊர்களின் பல்கலைக்கழகங்களும் லண்டனில் கிளை வைத்திருக்கின்றன: சண்டர்லாந்து, நார்தம்ப்ரியா, கவன்ட்ரி, கடலுக்கு அப்பால் வட அயர்லாந்திலுள்ள அல்ஸ்டர். சண்டர்லாந்து நகரம் லண்டனிலிருந்து சாலை வழியே 400 கிலோமீட்டருக்கு மேல். கிளையில் படித்தாலும் பட்டத்தில் குறைவில்லை. ஆனால் ஆய்வுக்கூடம், பெரிய நூலகம், மூத்த ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாம் தாய் வளாகத்தில்தான். கிளையில் பெரும்பாலும் மேலாண்மையும் கணினியும் சார்ந்த வகுப்புகள்தான். மெக்கானிக்கல் முடித்த பிள்ளை அங்கே போய் 'பிராஜெக்ட் மேனேஜ்மென்ட்' படிப்பது இப்படித்தான் நேர்கிறது. அது அவனுடைய விருப்பமாக இருந்தால் சரி. பட்டியலில் அதுதான் இருந்தது என்பதற்காக என்றால் சரியல்ல.

பெருநகரத்தில் படிப்பதற்கென்று உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. கூட்டமைப்பிலுள்ள ஒரு கல்லூரியில் சேர்ந்த மாணவர், சில படிப்புகளில், தன் துறையின் சம்மதத்தோடு வேறொரு கல்லூரியின் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். செனட் ஹவுஸ் நூலகம் பொது. பிரிட்டிஷ் நூலகத்தில் வாசகர் அட்டை இலவசம். கிரெஷாம் கல்லூரி என்று ஒன்று உண்டு. பட்டம் தராது, மாணவர் சேர்க்கையும் கிடையாது. 1597 முதல் பொதுமக்களுக்கு இலவசச் சொற்பொழிவு நடத்துவதுதான் அதன் வேலை. இவற்றையெல்லாம் பயன்படுத்துகிறவனுக்குத்தான் அந்த நகரத்தின் வாடகை கட்டுபடியாகும்.

இதை முழுக்கச் செய்து காட்டியவர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியாவுக்குப் போனவர், பொருளாதாரத்தோடு நின்றுவிடவில்லை. வரலாறு, சமூகவியல், மானிடவியல், தத்துவம் என்று துறை துறையாக வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். ஜான் டூயியிடம் பாடம் கேட்டார். 1916-ல் லண்டனுக்கு வந்ததும் எல்.எஸ்.இ.யில் பொருளாதாரத்துக்கும் கிரேஸ் இன்னில் சட்டத்துக்கும் ஒரே சமயத்தில் பதிந்துகொண்டார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்து, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பணம் திரட்டிக்கொண்டு 1920-ல் மறுபடி போனார். பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசக சாலை அவருக்கு இன்னொரு வகுப்பறை. 1923-ல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது, ரூபாயின் பிரச்சினை குறித்த ஆய்வுக்காக. கையில் காசில்லாத மாணவர்தான் அவரும். ஆனால் எதைப் படிக்க வந்தோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இன்றைய மாணவருக்கு அந்த நேரம் கிடைக்குமா? பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் பருவ நாள்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கடன் தவணையையும் வாடகையையும் கணக்குப் போட்டுக்கொண்டு அந்த 20 மணியையும் சூப்பர்மார்க்கெட்டில் கழிக்கிற பிள்ளைக்கு கிரெஷாம் எங்கே, செனட் ஹவுஸ் எங்கே? அப்படியானால் லண்டனுக்கு ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்? விசாவுக்காக வாழ்க்கைச் செலவாகக் காட்ட வேண்டிய பணம், 2025 நவம்பர் கணக்குப்படி, லண்டனில் மாதம் 1,529 பவுண்டு. லண்டனுக்கு வெளியே 1,171. ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும் என்பதால் வித்தியாசம் 3,200 பவுண்டுக்கு மேல், நம் பணத்தில் மூன்றரை லட்சத்துக்குக் குறையாது. இந்தத் தொகை 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காக வட்டிக்கு வாங்கி வைக்கிற வழக்கமும் உண்டு. காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த பணத்தில் அங்கே போய் எப்படி வாழ்வது என்பதை யாரும் கேட்பதில்லை.

பாடத்துக்கு வருவோம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்பு 180 கிரெடிட். வழக்கமாக அதில் 60 ஆய்வேட்டுக்கு. மீதியில் கட்டாயப் பாடம் எத்தனை, விருப்பப் பாடம் எத்தனை என்பது பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே இருக்கும். அதைப் படிக்க அரை மணி போதும். கணினி அறிவியலில் 'கன்வர்ஷன்' படிப்பு என்று ஒரு வகை உண்டு. வேறு துறையில் இளங்கலை முடித்தவர்களைக் கணினிப் பக்கம் கொண்டுவருவதற்காக வைத்தது. சிவில் முடித்த பெண்ணுக்கு அது நல்ல வாசல். இங்கே நான்கு வருடம் சி.எஸ்.இ. படித்தவர் தெரியாமல் அதில் சேர்ந்தால், மூன்றாவது செமஸ்டரில் படித்த டேட்டா ஸ்ட்ரக்சரைப் பவுண்டு கட்டி இன்னொரு முறை படிப்பார்.

திரும்பி வருகிற எண்ணம் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி. ஓராண்டு பிரிட்டிஷ் முதுகலைப் பட்டத்தை இந்தியா ஏற்பதற்கு 2022 ஜூலையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், கட்டடக்கலை போன்ற தொழிற்படிப்புகள் அந்த ஒப்பந்தத்துக்குள் வராது. நம் வட்டாரத்திலிருந்து போகிறவர்களில் பொறியியல் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. இங்கே கல்லூரி ஆசிரியராகவோ அரசுப் பணியிலோ சேர நினைப்பவர்கள் போகும் முன்பே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களின் சமநிலை குறித்து யு.ஜி.சி. 2025-ல் கொண்டுவந்த விதிகளும் ஃபிரான்சைஸ் முறையில், அதாவது பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு நிறுவனம் நடத்தும் படிப்புகளை ஏற்பதில்லை.

ஒரகடம் போன்ற இடங்களில் லாரியும் காரும் செய்கிற தொழிற்சாலைகள் நிற்கிற மாவட்டங்களிலிருந்து போகிறவர்கள் கெம்னிட்ஸ் என்ற பெயரையும் கேட்டிருக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்து ஊர். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வாகன மென்பொருள் பொறியியலுக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் கட்டணம் போடத் தொடங்கிவிட்டது. விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுன்ட் என்ற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மியூனிக்குக்கும் கெம்னிட்ஸுக்கும் அதே தொகைதான். ஆனால் மியூனிக் வாடகை வேறு, கெம்னிட்ஸ் வாடகை வேறு. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டும், படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். இந்தத் தொல்லைகளால்தான் 'ஒரு வருஷத்துல முடிஞ்சிடும் சார்' என்ற பிரிட்டன் பேச்சு எடுபடுகிறது.

முழுப் பட்டத்துக்கும் வெளியே போக வேண்டும் என்பதும் இல்லை. 2022-ல் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி, நம் கல்லூரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு 'ட்வின்னிங்' திட்டம் வைத்திருந்தால் 30 சதவீதம் வரை கிரெடிட்டை அங்கே படித்து, பட்டத்தை இங்கேயே வாங்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே இங்கே வரத் தொடங்கிவிட்டன: டீக்கினும் வொலங்காங்கும் குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்கு வந்துவிட்டன, சவுத்தாம்ப்டன் 2025-ல் குருகிராமுக்கு வந்தது. நம் ஐ.ஐ.டி. சென்னை 2023-ல் சான்சிபாரில் வளாகம் திறந்தது. வெளிநாட்டிலிருந்து மாணவர்கள் நம்மைத் தேடிப் படிக்கிற காலமும் சந்தடியில்லாமல் தொடங்கியிருக்கிறது.

கடனைப் பற்றிப் பேசுமுன் உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தமிழக அரசு தரும் வெளிநாட்டு உயர்கல்வி உதவி, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. தாட்கோவில் விசாரிக்கத் தெரிந்த குடும்பமும்கூட இதைக் கேள்விப்படாமல், பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போகிறது.

படிப்பு முடிந்து வேலை தேடத் தங்குகிற கிராஜுவேட் விசா பிரிட்டனில் இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கிற முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம். விசா விதி இன்னொரு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, நாளைக்கே மாறலாம். 'அங்கே ரெண்டு வருஷம் சம்பாதித்து அடைச்சிடுவான்' என்று அதன் மேல் போட்ட கடன் கணக்கு ஆறு மாதம் துண்டு விழுந்தால், மாதத் தவணை வேப்பம்பட்டில் இருக்கிற அப்பாவின் பென்ஷனுக்கு வந்து சேரும். கையில் பாடம் இருந்தால் வேறு நாட்டிலோ இங்கேயோ வேலை தேடலாம். ஊரின் பெயரை வைத்துக்கொண்டு அப்படித் தேட முடியாது.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று வழிகாட்ட அரசு 2022-ல் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியைத் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக நடத்தியது. அதையே கல்லூரி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்க வேண்டும். வங்கியின் கடன் அதிகாரி, தாட்கோ அலுவலர், படித்துவிட்டுத் திரும்பி வந்த இரண்டு மூன்று பேர் (வேலை கிடைத்தவர் ஒருவர், கிடைக்காதவர் ஒருவர்) மேடையில் இருக்கட்டும். பெற்றோரும் வரட்டும். கன்சல்டன்சி ஸ்டால் மட்டும் வேண்டாம். திருவள்ளூரில் ஒரு சனிக்கிழமை போதும், ஏழாவது செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பாக.