குறுக்குவிசை: தனியாள் திறமையிலிருந்து பொது முறைக்கு

நூல் வடிவமைப்புப் பிரிவு எதிலும் நுழைந்து, ‘இங்கே வேகமான கை யாருடையது?’ என்று கேட்டால், மவுஸை அதிகம் தொடாத ஒருவரைக் காட்டுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருபவர் அவர் பின்னால் நின்று, விரல்கள் போகும் இடத்தைப் பார்த்துத் தொழில் படிக்கிறார். கேட்டால் அவர் சொல்லிக்கொடுப்பார், கேட்காவிட்டால் இல்லை. அவர் வேறு இடத்துக்குப் போகும் நாளில் அந்தப் பழக்கமும் கூடவே போய்விடுகிறது. அவர் நாற்காலியில் உட்காருபவர் மறுபடி மெனுவைத் திறந்து தேடத் தொடங்குகிறார்.

டிடிபி தொழில் தமிழில் வேரூன்றிய காலம்தொட்டு குறுக்குவிசைகளைத் தனியாள் சாமர்த்தியமாகவே நடத்திவருகிறோம். எழுத்துருப் பட்டியல், பக்க அளவு, புரூஃப் குறிகள் ஆகியவற்றைப்போல இவையும் ஒரு பிரிவின் எழுதிவைத்த முறையாக வேண்டும் என்பது நம் கருத்து. வேகம் அதற்கு ஒரு காரணம். திருத்தப் பணியில் நேரும் பிழைகள் அதைவிடப் பெரிய காரணம்.

இந்த விசைகளுக்கும் பதிப்புத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. 1970-களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ‘ஜிப்சி’ என்ற உரைத்தொகுப்பு மென்பொருளை உருவாக்கினார்கள். ஜெராக்ஸுக்குச் சொந்தமாயிருந்த ‘ஜின்’ என்ற பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்காகவே அது செய்யப்பட்டது. மாட் அந்த ஆசிரியர்கள் பிரதியை எப்படிக் கையாளுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு வந்தார். தாளைக் கத்தரித்து வேறிடத்தில் ஒட்டும் ஆசிரியர்களின் வழக்கம் திரையில் ‘வெட்டு, ஒட்டு’ ஆனது. பின்னர் டெஸ்லர் ஆப்பிளில் சேர்ந்து, 1983-இல் வெளிவந்த லிசா கணினியில் பணியாற்றியபோது, இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு விசைகள் இன்றைய வேலைகளைப் பெற்றன. எக்ஸ், ஒரு சொல்லை அடித்துவிடும் குறி. வி, சொல்லை நுழைக்கப் புரூஃபில் நாம் போடும் கூரைக் குறியைத் தலைகீழாகத் திருப்பியது. சி, நகல். இசட் அவற்றுக்குப் பக்கத்தில் இருந்ததால் செய்ததைத் திரும்பப் பெறும் வேலை அதற்குப் போனது. விண்டோஸ் 3.1 வந்த 1992 முதல் கன்ட்ரோல் விசையோடு அதே எழுத்துகள் பெருவழக்காயின. பிழைதிருத்துநரின் பென்சில் குறியைத்தான் நம் ஆபரேட்டர்கள் ஒவ்வொரு நாளும் விசையாக அழுத்துகிறார்கள்.

இவற்றால் எவ்வளவு நேரம் மிச்சம்? ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1980-இல் வெளியிட்ட ஒரு கணக்கு முறை இன்றும் பயன்படுகிறது. சராசரித் திறனுள்ள தட்டச்சாளர் ஒரு விசையை அழுத்தச் சுமார் 0.2 விநாடி, திரையில் ஓரிடத்தைச் சுட்ட 1.1 விநாடி, கை விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே மாற 0.4 விநாடி, அடுத்துச் செய்ய வேண்டியதை மனதில் கூட்டிக்கொள்ள 1.35 விநாடி என்று அவர்கள் வகுத்தார்கள். மெனுவுக்குப் போய் ஒரு கட்டளையைத் தேர்ந்து திரும்ப, கை இருமுறை மாற வேண்டும், இருமுறை சுட்ட வேண்டும், இருமுறை சொடுக்க வேண்டும். மொத்தம் 3.4 விநாடி. கன்ட்ரோலோடு ஓர் எழுத்தை அழுத்த 0.4 விநாடி போதும். மிச்சம் 3 விநாடி. ஒரு நாளில் 500 முறை இப்படி நேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 நிமிடம்.

கணக்கு சரிதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மனதில் கூட்டிக்கொள்ளும் அந்த 1.35 விநாடி இரண்டு வழிக்கும் சமம் என்று வைத்தால்தான் விடை இப்படி வரும். ஆப்பிளில் இடைமுக வடிவமைப்பில் ஈடுபட்டிருந்த புரூஸ் டொக்னாசினி 1989-இல் இதையே கேள்விக்கு உட்படுத்தினார். விசைப்பலகைதான் வேகம் என்று பயனர்கள் உணர்கிறார்கள், நிறுத்தற்கடிகாரமோ மவுஸ்தான் வேகம் என்று காட்டுகிறது என்றார். எந்த விசை என்று நினைவுகூரும் நேரம் மனதுக்குள் கழிவதால் அது நமக்குத் தெரிவதில்லை என்பது அவர் விளக்கம். அன்று இது பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

நம் தொழிலில் இருப்பவருக்கு இதில் குழப்பம் தேவையில்லை. மாதம் ஒருமுறை பொருளடக்கம் உருவாக்கும் கட்டளைக்கு விசையை நினைவுகூர முயன்றால் டொக்னாசினி சொன்னதே நடக்கும். அதற்கு மெனு போதும். நாளில் நூறு முறை வரும் கட்டளைக்கு நினைவுகூரல் என்று ஒன்று இல்லாமல் போய்விடுகிறது, விரலுக்கே தெரியும். எத்தனை விசைகள் தெரியும் என்பதில் பெருமை இல்லை. அடிக்கடி வரும் இருபது, முப்பது கட்டளைகள் எவை என்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் விரலுக்குக் கொண்டுவருவதே வேலை. இது தானாக நடந்துவிடுவதும் இல்லை. டேவிட் லேன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வேர்ட் மென்பொருளில் நல்ல அனுபவம் உள்ளவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கட்டளைகளுக்கும் கருவிப்பட்டையில் உள்ள படங்களையே சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டையில் சொடுக்கியே பத்தாண்டு ஓட்டிய ஆபரேட்டரை நாமும் அறிவோம்.

விநாடிக் கணக்கில் அகப்படாத ஆதாயம் ஒன்று உண்டு. திருத்தம் போடும்போது ஆபரேட்டரின் கண் புரூஃப் தாளுக்கும் திரையில் உள்ள வரிக்கும் இடையே மட்டும் போய்வர வேண்டும். மூன்றாவதாக மெனுவும் சேர்ந்தால் கண் திரும்பி வரும்போது இடம் தப்புகிறது. அதே சொல் இரண்டு வரி கீழேயும் இருந்தால் திருத்தம் அங்கே போய் விழுகிறது, அல்லது ஒரு வரி விடுபடுகிறது. இரண்டாம் புரூஃபில் ‘திருத்தம் போடப்படவில்லை’ என்று மறுபடி குறிக்கப்படும் இடங்களை எடுத்துப் பாருங்கள். கண் விலகியதால் நேர்ந்தவை அவற்றில் கணிசமாக இருக்கும்.

எந்த விசைகளைப் பழகுவது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். இன்டிசைனில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் கோணக் குறியை அழுத்தினால் எழுத்து அளவு மாறும். ஆல்ட் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால் எழுத்து இடைவெளியோ வரி இடைவெளியோ கூடும், குறையும். பலர் முதலில் பழகுவது இவற்றைத்தான், ஏனென்றால் பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தைக் கெடுப்பதும் இவையே. ஒரு வரியை உள்ளே இழுக்க நெருக்கிய இடைவெளி அந்த வரியிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த திருத்தத்தில் வரி உடைந்து சொற்கள் நகரும்போது, நெருக்கப்பட்ட எழுத்துகள் நடுப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

விரலுக்கு வர வேண்டியவை ஸ்டைல் விசைகள். பத்தி, உள்தலைப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டைல், ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு விசை. இன்டிசைன் இதற்குக் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகியவற்றோடு எண்பலகையின் எண்களை மட்டுமே ஏற்கும். எண்பலகை இல்லாத மடிக்கணினியில் இது நடக்காது. தனியாக ஓர் எண்பலகையை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கன்ட்ரோல்-என்டர் இருக்கிறது. அழுத்தியதும் சிறு பெட்டி திறக்கும். ஸ்டைலின் பெயரில் சில எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் முடிந்தது. ஸ்டைல் பெயர் ஆங்கிலத்திலும் விசைப்பலகை தமிழிலும் இருந்தால் பெட்டி எதையும் கண்டுபிடிக்காது. பெயரை எண்ணில் தொடங்கினால் இந்தத் தொல்லை தீரும்: ‘11 உள்தலைப்பு’, ‘12 மேற்கோள்’ என்பதுபோல.

தமிழில் வேலை செய்பவருக்கே உரிய சிக்கல்களும் உண்டு; ஆங்கிலக் கையேடுகள் எதிலும் இவை இருக்காது. இன்டிசைனில் தேர்வுக் கருவிக்கு வி என்ற ஒற்றை விசை. கர்சர் உரைக்குள் நிற்பதை மறந்து அதை அழுத்தினால் எழுத்து உரையில் விழும். ஆங்கில எழுத்தாக விழுந்தால் தமிழ் வரியில் துருத்திக்கொண்டு தெரியும். தமிழ்99 அமைப்பில் அதே விசையில் இருப்பது ‘வ’. சொல்லோடு சொல்லாக ஒட்டிக்கொள்ளும். முன்னோட்டத்துக்கான டபிள்யூ விசையில் இருப்பது ‘ஈ’. மென்பொருளைப் பொறுத்து அது தனி எழுத்தாகவோ முந்தைய எழுத்தின் குறியாகவோ விழலாம். ‘படம்’ ‘பீடம்’ ஆகிவிட்டால் எந்தச் சொல்திருத்தியும் பிடிக்காது. உரையிலிருந்து வெளியேற எஸ்கேப் விசை, தற்காலிகமாகத் தேர்வுக் கருவி வேண்டுமென்றால் கன்ட்ரோலை அழுத்திப் பிடிப்பது என்ற இரண்டையும் மட்டுமே பழக்கினால் இந்தப் பிழை வராது.

இரண்டாவது, மொழி மாற்றம். விண்டோஸில் இடப்புற ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும்படி வைத்திருப்பது வழக்கம். மூன்று விசைச் சேர்க்கை ஒன்றை அழுத்தப்போய்ப் பாதியில் கையை எடுத்தால், ஆபரேட்டர் அறியாமலே விசைப்பலகை மாறிவிடுகிறது. விசைப்பலகை அமைப்புகளில் அந்தச் சேர்க்கையை நீக்கிவிட்டு, விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் அமைப்பு இயங்கும்போது சில மென்பொருள்கள் விசையின் இடத்தையும், சில அந்த விசை தரும் எழுத்தையும் பார்ப்பதால், குறுக்குவிசை ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் மறுக்கலாம். புதிய மென்பொருளை வாங்குமுன் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல: ஒரே விசைக்குப் பல வேலை. கன்ட்ரோல்-டி வேர்டில் எழுத்துருப் பெட்டியைத் திறக்கும். இன்டிசைனில் கோப்பை உள்ளே கொண்டுவரும். ஃபோட்டோஷாப்பில் தேர்வை நீக்கும். கோரல்டிராவில் நகல் எடுக்கும். நம் ஆபரேட்டர்கள் இந்த நான்கிலும் ஒரே நாளில் வேலை செய்கிறவர்கள். தடுமாற்றம் அவர்கள் குறை ஆகாது.

விசை ஒதுக்கக் கூடாத கட்டளைகளும் இருக்கின்றன. தலையாயது ‘எல்லாவற்றையும் மாற்று’. பழைய கோப்புகளில் ‘ஔ’ என்ற எழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக அடித்திருப்பார்கள். ‘ஔவையார்’ சரியாக வர வேண்டும் என்று அதை ஒரே தட்டில் மாற்றினால், நூல் முழுவதும் ‘ஒளி’ என்ற சொல் சிதைந்துபோகும். ‘ள’-வை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களை மட்டும் கிரெப் தேடலில் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே முறை. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் குறிகள் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு துண்டுகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலில் ஒன்று அகப்பட்டு மற்றொன்று தப்பும். இத்தகைய கட்டளைகள் மெனுவின் ஆழத்திலேயே இருக்கட்டும். அங்கே போய்ச் சேர ஆகும் மூன்று விநாடி, யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

பிரிவுத் தலைவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது இது. இன்டிசைனில் குறுக்குவிசைகளைத் தொகுப்பாகச் சேமிக்கலாம். தொகுப்பு முழுவதையும் உரைக்கோப்பாக வெளியே எடுக்கவும் வழியுண்டு. உங்கள் பிரிவுக்கென்று ஒரு தொகுப்பை உருவாக்கி எல்லாக் கணினிகளிலும் அதையே ஏற்றுங்கள். அதிலிருந்து அன்றாடம் தேவையான முப்பதை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, புதியவருக்கு முதல் வாரத்திலேயே கொடுங்கள். கன்ட்ரோலை இடக்கைச் சுண்டுவிரலாலேயே நாள் முழுவதும் அழுத்தாமல், எழுத்து இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கக் கன்ட்ரோலைப் பயன்படுத்தவும் அந்தத் தாளிலேயே சொல்லுங்கள். புதிய பதிப்பு மென்பொருள் வரும்போது தாளையும் திருத்துங்கள்.

இந்தப் பட்டியலை எழுதப்போவது யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. விசைகளை நன்கு அறிந்தவர் உங்கள் பிரிவின் வேகமான ஆபரேட்டர்தான். அவர் பக்கக் கணக்கில் கூலி பெறுபவராக இருந்தால், அந்த வேகமே அவர் வருமானம். தான் பல ஆண்டுகளில் சேர்த்ததைப் பொதுவில் வைக்க அவர் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. பட்டியல் தயாரிக்கும் நாள்களுக்கும், புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் மணிநேரத்துக்கும் தனியாகப் பணம் கொடுங்கள். தாளின் அடியில் அவர் பெயரையும் போடுங்கள். மூன்றாம் புரூஃப் தேவைப்படாமல் அச்சுக்குப் போகும் ஒவ்வொரு நூலிலும் அந்தச் செலவு திரும்பிவிடும்.