பணம் கடல் தாண்ட யார் ஜாமீன் போடுவது?

ஒரு இந்தியர் ஓர் ஆண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2004இல் 25,000 டாலரில் தொடங்கிய வரம்பு 2015இல் இந்த அளவுக்கு வந்தது. வங்கியில் நிரப்பித் தரும் ஏ2 படிவத்தில் சாதி கேட்கும் கட்டம் இல்லை. ஊரா, சேரியா என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் இதில் தலித் பிரச்சினை எங்கே வந்தது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். சாதி கேட்காமலே சாதி வேலை செய்கிற இடம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த வழியாகப் போகும் பணத்தைப் பாருங்கள். 2023-24 நிதியாண்டில் சுமார் 3,170 கோடி டாலர் போனது. அதில் 1,700 கோடி டாலர் பயணச் செலவு. படிப்புக்குப் போனது 350 கோடி டாலருக்கும் கீழே. ஆகவே இந்தக் கதவு யாருக்காகத் திறந்து வைக்கப்பட்டது என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஆனால் அந்த 350 கோடிக்குள் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் அப்பா, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, கூலிக்குத் தறி நெய்யும் அக்கா. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் எடின்பரோவிலோ பெர்லினிலோ இடம் வாங்குகிறாள். இடம் கிடைத்த நாளிலிருந்துதான் அவளுக்கு வங்கி என்றால் என்ன என்று தெரியத் தொடங்குகிறது.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈடு கிடையாது. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதற்கு மேல் போனால் சொத்து ஈடு. பெயர்பெற்ற சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் சில வங்கிகள் தளர்வு தருகின்றன. வெளிநாட்டில் ஒரு முதுகலைப் படிப்புக்கு 7.5 லட்சம் எந்த மூலைக்கு? எனவே கேள்வி சொத்தில் வந்து நிற்கிறது. வீட்டுப் பத்திரம் இருக்கிறதா? நிலம் இருக்கிறதா?

இந்த இடத்தில் காஞ்சிபுரத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. காஞ்சிபுரம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்தச் செங்கல்பட்டின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர்தான் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலம் இல்லாமல் இந்த மக்கள் எழ முடியாது என்பதே அதன் சாரம். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் இன்றும் சொல்லிவருகின்றன. அது யார் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கையில் தங்கியிருக்கும் கொஞ்சத்துக்கும் நிபந்தனை உண்டு: பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். நம்மைக் காக்க வந்த நிபந்தனை அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்றுக் கடனை வசூலிக்கப் பார்க்கும் வங்கி மேலாளரின் மேசையில் அந்தப் பட்டாவுக்கு என்ன மதிப்பு இருக்கும்? பறிபோன நிலம் ஈடாகாது, பறிபோகாத நிலத்தையும் ஈடாக ஏற்கத் தயங்குவார்கள். 1892இன் கணக்கு 2026இல் கல்விக் கடன் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வங்கி கைவிட்டால் வேறு வழி? வட்டிக்கு வாங்குவது, நகையை வைப்பது, இருக்கிற இரண்டு சென்ட் மனையை விற்பது. அப்படித் திரட்டிய பணத்தை அனுப்பப் போனால்தான் அடுத்த வேடிக்கை. 2020 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் என்று ஒரு பிடித்தம் வந்தது. 7 லட்சத்துக்கு மேல் போனால் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சம் ஆனது. கல்விக்கு 5 சதவீதமாக இருந்ததை 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லதுதான். ஆனால் உள்ளே ஒரு கோடு இருக்கிறது. வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் பிடித்தமே கிடையாது. சொந்தப் பணம் என்றால் பிடித்தம். கந்துவட்டிக்கு வாங்கியதும், தாலியை அடகு வைத்ததும் சட்டத்தின் பார்வையில் ‘சொந்தப் பணம்’!

25 லட்சம் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். பத்துக்கு மேல் உள்ள 15 லட்சத்துக்கு, 5 சதவீதம் இருந்தபோது 75,000 ரூபாய் போனது. இப்போது 30,000. சொத்தை ஈடு வைத்து வங்கியில் கடன் எடுத்தவர் கட்டுவது பூஜ்ஜியம். ஈடு வைக்க எதுவும் இல்லாதவர்தான் கட்டுகிறார். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வந்துவிடும் என்று பதில் சொல்வார்கள். வரும், மறுக்கவில்லை. வருமான வரி வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகாத ஒரு கூலித் தொழிலாளி, பிள்ளையின் ஃபீஸுக்காக அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு, ஆடிட்டருக்கும் காசு கொடுத்து, அதைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த 30,000க்கு அவர் வெளியில் கட்டும் வட்டியை எந்த ரிட்டர்னும் திருப்பித் தராது.

இது இந்தியாவின் தனிக் குணம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி வந்திருக்கிறது. யாருக்கு? ரொக்கமாகக் கொண்டுபோய்க் கட்டி அனுப்புகிறவருக்கு. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் வரி இல்லை. ஐடி வேலைக்காரர் தப்பித்துக்கொள்வார், கணக்கு இல்லாமல் ரொக்கக் கூலி வாங்குகிறவர் கட்டுவார். உலகம் முழுக்க ஒரே அறிவுதான்.

உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் நாடு முழுமைக்கும் 125 இடங்கள். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இதில் இடமில்லை என்று விதி போட்டார்கள். சாதியைப் பற்றி ஆராய வெளிநாடு போகாதே என்பதுதான் அதன் பொருள். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே கடிதம் போனது, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில். கடிதம் வராமல் விசா எப்படி எடுப்பது? பிரிட்டன் விசாவுக்கு, அரசின் உதவிக் கடிதம் இல்லையென்றால், கல்விக் கட்டணமும் ஒன்பது மாதச் செலவும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும். அந்த 28 நாளுக்குப் பணத்தை வாடகைக்கு விடும் ஏஜென்ட்கள் உண்டு. அவர்களிடம் போகாதீர்கள். பிடிபட்டால் விசா மறுப்பு உங்கள் பெயரில்தான் எழுதப்படும், அவர்கள் பெயரில் இல்லை. தமிழ்நாடு அரசு அம்பேத்கர் பெயரில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை தரும் திட்டம் இதைவிடப் பரவாயில்லை. அதிலும் தேதி தவறினால் கதை அதேதான்.

அம்பேத்கர் பெயர் வந்துவிட்டது, ஒன்று சொல்லிவிடுகிறேன். 1913இல் அவர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரைப் பவுண்டில். பதிலுக்குப் பத்தாண்டு பரோடாவில் வேலை செய்வதாக ஒப்பந்தம். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்பினார். சம்பளத்தில் சேர்த்தும் கடன் வாங்கியும் 1920இல் மறுபடி லண்டன் போனார். அந்த ஆண்டு இரண்டு ஷில்லிங்குக்கு மேல் ஏறிய ரூபாய், அடுத்த ஆண்டே ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவுக்கு விழுந்தது. ரூபாயில் சேர்த்துப் பவுண்டில் சாப்பிட்ட ஒரு மாணவனுக்கு அதன் பொருள் என்ன என்று நாமே யூகிக்கலாம். அவர் 1923இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘ரூபாயின் பிரச்சினை’. நாணய மாற்று விகிதம் அவருக்கு வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரமாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பரந்தூரில் விமான நிலையம் கட்டியே தீருவோம் என்கிறார்கள். 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று போராடுகிறார்கள். நம் ஊர் வழியாக விமானம் பறக்கும் நாளில் உள்ளே உட்கார நம் பிள்ளைகளுக்கு வழி என்ன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரிய புரட்சி எதுவும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கல்விக் கட்டணத்துக்கு டிசிஎஸ் பிடிக்காதே, பணம் எங்கிருந்து வந்தாலும் சரி. அரசின் தேர்வுக் கடிதத்தையே ஈடாக ஏற்றுக்கொள், அல்லது அரசே ஜாமீன் நில். தொழிலதிபர்களுக்கு உத்தரவாதம் தரும் அரசுக்கு இது முடியாத காரியமா?

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. பிளஸ் டூ முடித்ததுமே பான் கார்டு எடுத்துவிடுங்கள், 2018க்குப் பிறகு அது இல்லாமல் ஒரு டாலர்கூட இந்தத் திட்டத்தில் போகாது. வீட்டில் உள்ள கணக்கு முழு ஆவணம் இல்லாத ‘சிறு கணக்கு’ என்றால் உடனே மாற்றுங்கள். அதில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, வெளிநாட்டிலிருந்து நீங்கள் அனுப்பும் பணத்தையும் அது ஏற்காது. படிக்கப் போனாலும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர்தான். இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பிறகு அங்கிருந்து அலைவதைவிட இது எளிது.

இன்னொன்று, காஞ்சிபுரத்துக் கல்லூரித் தோழர்களுக்கு. மாவட்ட முன்னோடி வங்கிக்குப் பத்து ரூபாய் கட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் வெளிநாட்டுப் படிப்புக்கு எத்தனை கல்விக் கடன், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், ஈடு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மனுக்கள் எத்தனை. வரும் பதிலை எனக்கும் அனுப்புங்கள். கலெக்டரிடம் அந்தத் தாளோடு போவோம்.