காதைப் பார்த்து வாங்கியவர்களுக்கு

காக்கர் ஸ்பேனியல் நாயின் தொங்கும் காதைப் பார்த்து மயங்கித்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். வருஷம் முழுக்க வேலை வைப்பதும் அந்தக் காதுதான். இங்கிலாந்தின் புதர்க்காடுகளில் வுட்காக் பறவையைக் கிளப்பிவிட வளர்த்த இனம் அது. பெயரும் அந்தப் பறவையால் வந்ததே. சென்னை வெயிலில் அது என்ன செய்யும்? சித்திரையில் விடியற்காலையிலோ இருட்டிய பிறகோதான் நடை. தார்ச்சாலையில் நம் புறங்கையை 5 விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. ஐப்பசி மழையில் காற்றுப் புகாத காதுக்குள் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து நாறும். நனைந்து வந்ததும் துடைத்துவிட வேண்டும், வாரம் ஒருமுறையாவது உள்ளே பார்க்க வேண்டும். தீபாவளிக்கு வெடிச்சத்தம் அதிகம் கேட்காத அறை ஒன்று வேண்டும். உண்ணி மட்டும் பருவம் பார்ப்பதில்லை. 12 மாதமும் மருந்துதான். ரோமத்தை அடிக்கடி சீவாவிட்டால் சடை விழும். மார்கழியில்தான் அதுவும் நாமும் கொஞ்சம் மூச்சுவிடலாம். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வரட்டும். அதற்கும் ஊசியும் கவனிப்பும் வேண்டும். ஆனால் இந்த வெயிலும் மழையும் அதற்குப் பிறந்த வீடு.