வெற்றிடம் வீண் இடம் அல்ல



திருப்பூரில் பழைய எம்பிராய்டரி மெஷின் ஓட்டும் நம் பிள்ளைகள் சிலர் இன்றும் பிளாப்பியில்தான் டிசைன் ஏற்றுகிறார்கள். இமேஜை எழுதும்போது, "கேப் வெறும் காலி இடம்தானே, குறைத்து வை, இன்னொரு செக்டார் அடங்கும்" என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 720 கேபி பிளாப்பியில் ஒரு டிராக்கில் சுமார் 6,250 பைட். 512 பைட் வீதம் 9 செக்டாருக்கு 4,608. மீதி 1,642 வீணா? இல்லை. ஒவ்வொரு செக்டாரின் முகவரி, சரிபார்ப்பு எண், நடுவே இடைவெளி எல்லாம் அதில்தான். பார்மட் செய்யும்போது செக்டாருக்குப் பின்னால் வழக்கமாக விடுவது 80 பைட்.

எதற்கு? நிமிடத்துக்கு 300 சுற்று என்பது ஏட்டில். ஒரு டிரைவ் சற்று வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் சுற்றும். வேகமாகச் சுற்றினால் அதே 512 பைட் கூடுதல் நீளம் பிடிக்கும். இடைவெளி இருந்தால் அந்த மிகையைத் தாங்கும். இல்லாவிட்டால் அடுத்த செக்டாரின் முகவரி மேலேயே எழுதிவிடும். கல்வராயன் மலையில் மரவள்ளிக் குச்சியை நெருக்கி நட்டால் கிழங்கு அதிகமாகவா கிடைக்கிறது?

"என் கம்ப்யூட்டரில் சரியாகத்தானே படிக்கிறது?" என்பார்கள். எழுதிய டிரைவிலேயே சோதிப்பது, தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வது போல. வேறொரு டிரைவில் படித்துக் காட்டட்டும். மெஷின் ஒருமுறை அதில் எழுதிய பிறகும் படித்துக் காட்டட்டும்.

"மைக்ரோசாப்ட்டே 18 செக்டார் இடத்தில் 21 அடைத்ததே?" உண்மை. அது மென்பொருள் விற்க, ஒரே தடவை எழுதிக் கொடுத்த பிளாப்பி. வாங்கியவர் படிக்க மட்டுமே. நீங்கள் தினமும் அழித்து எழுதுவதற்கு அது முன்மாதிரி ஆகாது.

இன்னொன்று. சாதாரண இமேஜ் பைலில் தரவு மட்டுமே இருக்கும், இடைவெளி அளவு இருக்காது. அதை முடிவு செய்வது நீங்கள் பிளாப்பியை பார்மட் செய்யும் முறை. ஆகவே மெஷின் கேட்கும் அளவில், வழக்கமான கேப்போடு பார்மட் செய்யுங்கள். பிறகு எழுதுங்கள். மூலப் பிளாப்பியைத் தொடாதீர்கள். அதன் எழுதுதடையைத் திறந்து வைத்து, நகலில் வேலை செய்யுங்கள்.

பிளாப்பி படிக்கவில்லை என்றதும் "மெஷின் போச்சு, புதுசு வாங்கு" என்பவர் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்காதீர்கள். முதலில் இடைவெளியைப் பாருங்கள். தெரிந்த பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.