கரையைக் கூட்டுவது மட்டுமா தொண்டு?

2025ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி உலக சுற்றாடல் தினம், பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்டுவோம் என்ற தொனிப்பொருளில் உலகெங்கும் அனுஷ்டிக்கப்பட்டது. அதன் பதாகைகள் கழற்றப்பட்ட சில நாட்களுக்குள்ளேயே மன்னார் உள்ளிட்ட நமது கரையோரங்களில் பயறளவான வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கத் தொடங்கின. மே 25ஆம் திகதி கேரளக் கடலில் மூழ்கிய, லைபீரியக் கொடியுடன் பயணித்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பலின் கொள்கலன்களிலிருந்து வெளியேறியவையாகவே அவை கருதப்பட்டன. கன்னியாகுமரி மாவட்டக் கரைகளைத் தொட்ட அதே சரக்கு, சோளகக் காற்றின் காலத்தில் மன்னார் வளைகுடாவைக் கடந்து இங்கும் வந்து சேர்ந்தது.

அவற்றைப் பொறுக்கியவர்கள் கப்பல் நிறுவனத்தினர் அல்லர். சல்லடையும் சாக்கும் ஏந்தி மணலைச் சலித்தவர்களுள் ஊதியம் எதுவும் பெறாத தொண்டர்களும் இருந்தனர். அவர்களின் உழைப்பு போற்றுதற்குரியது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் போற்றுவதோடு நின்றுவிடுவோமாயின், அந்த உழைப்பின் பெறுமதியை நாம் அறியாதவர்களாவோம்.

சுற்றாடல் தினத்திலும், செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை வரும் சர்வதேச கரையோரத் தூய்மையாக்கல் தினத்திலும், நாட்டின் பல பகுதிகளில் இலவசக் கண்காட்சிகளும் சிரமதானங்களும் நடத்தப்படுகின்றன. பாடசாலைகளின் சுற்றாடல் முன்னோடிப் படையணி மாணவர்களுக்கு இவை பழக்கமானவை. 2025 ஜனவரி முதலாம் திகதி அரசாங்கம் ஆரம்பித்த 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டமும் பொதுமக்களின் தொண்டையே பெரிதும் வேண்டி நிற்கிறது. இத்தகைய நிகழ்வுகளில் தொண்டர்கள் செய்வது என்ன? பெரும்பாலும் கதிரை அடுக்குவதும், குடிநீர் வழங்குவதும், விருந்தினரை வரவேற்பதும், இறுதியில் குப்பை பொறுக்குவதுமே. மறுநாள் அதே கரையில் அதே பொலித்தீன் பைகள் மீண்டும் ஒதுங்குகின்றன.

கரையோரத் தூய்மையாக்கல் தினம் தோன்றிய வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கரையில் அது தொடங்கியபோது, தொண்டர்களின் கையில் பையுடன் ஓர் அட்டையும் கொடுக்கப்பட்டது. எடுத்த பொருள் ஒவ்வொன்றும் இன்னதென அதில் குறிக்கப்பட்டது. எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் குப்பையை நிறுத்த முடியாது என்பதே அதன் தத்துவம். நம்மவர் கூட்டுவதை எடுத்துக்கொண்டனர். எண்ணுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர்.

எண்ணுவது வெறும் கணக்கு வேலையன்று. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. நான்கு ஆண்டுகளின் பின்னர், 2025 ஜூலை 24ஆம் திகதி, நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு இலங்கையின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் கண்ணீரைக் காட்டிலும் சான்றே பேசும். எந்தக் கரையில், எந்தத் திகதியில், எத்தனை கிலோ ஒதுங்கியது, எத்தனை நாட்கள் தொழில் தடைப்பட்டது என்பவற்றுக்குப் பதிவு வேண்டும். பதிவு செய்யாமல் அள்ளிச் சாக்கில் கட்டும் ஒவ்வொரு பிடி மணியும், நல்லெண்ணத்தால் அழிக்கப்படும் ஒரு சான்றாகும். கரைவலை இழுக்கும் தொழிலாளி நாளை நட்டஈடு கேட்கும்போது, அந்தச் சாக்கு அவருக்காகச் சாட்சி சொல்லப் போவதில்லை.

ஆகவே சுற்றாடல் கண்காட்சிக்கு வரும் தொண்டருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது குறிப்பெடுக்கும் பழக்கமே. ஓர் அளவுகோல், ஒரு தராசு, திகதியுடன் கூடிய புகைப்படம், ஒரு கொப்பி ஆகியன போதும். கையுறையும் காலணியும் இன்றி எவரையும் கரையில் இறக்கலாகாது என்பதும் அத்துடன் கற்பிக்கப்பட வேண்டும். இன்னதென்று தெரியாத சரக்கு ஒதுங்கும் கரையில் மாணவரை முன்னிறுத்துவது தொண்டாகாது.

இரண்டாவது விடயம் இன்னும் முக்கியமானது. மன்னார்த் தாம்போதியை அண்டிய வங்காலை சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்டேர். வாடைக் காற்றின் காலத்தில் தொலைதேசங்களிலிருந்து வரும் பறவைகளுக்கு மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்கோடித் தங்குமிடங்களுள் இதுவும் ஒன்று. அதே மன்னாரில்தான் 2020இல் இலங்கை மின்சார சபையின் 30 காற்றாலைகள் எழுந்தன. காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தனர். காற்றாலைப் பணிகளை ஒரு மாதத்துக்கு இடைநிறுத்துமாறு ஜனாதிபதி பணித்தார். செப்டெம்பர் இறுதியில் போராட்டக்காரருக்கும் பொலிஸாருக்கும் இடையே மோதல் ஏற்படும் அளவுக்கு நிலைமை முற்றியது.

காற்றாலை தேவையா இல்லையா என்பது இங்கு ஆராயப்படும் வினா அன்று. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். தமது நிலத்தின் வடிகாலுக்கும் வாழ்வுக்கும் என்ன நேரும் என்று அறியும் உரிமை மன்னார் மக்களுக்கும் உண்டு. சிக்கல் யாதெனில், அறிவதற்கான வழி மிகக் குறுகலாக இருப்பதே. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று பொதுமக்களின் கருத்துக்காக 30 நாட்கள் வைக்கப்படும். விடியுமுன் கடலுக்குச் சென்று வெயிலேறக் கரை திரும்பும் ஒருவர், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொழில்நுட்ப அறிக்கையை எந்த அலுவலகத்தில், எந்த நேரத்தில் படிப்பார்? சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் படி ஏறுவதற்கு உதவுவார் இல்லை.

இங்குதான் கட்டணமற்ற ஒரு சமூகக் கண்காட்சி தன் உண்மையான பயனைக் காணக்கூடும். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ ஒரு பாடசாலை மைதானத்தில், அறிக்கையின் சாரத்தை எளிய தமிழில் விளக்கக்கூடிய ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டர்களாக அமரட்டும். மழைநீர் வழமையாக எவ்வழியாக வடிகிறது என்பதை ஊர் முதியவர்கள் வரைபடத்தில் காட்டட்டும். பெண்கள் தமது கிணற்று நீர் எப்போது உவர்ப்பேறியது என்று சொல்லட்டும். அவை எழுதப்பட்டு, உரிய காலத்துக்குள் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு அனுப்பப்படட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளம் மன்னாரையும் தாக்கிய பின்னர், வடிகால் பற்றிய ஊரறிவை எவரும் அற்பமாகக் கருத முடியாது.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். தொண்டர்கள் கிடைக்கிறார்கள் என்பதற்காகப் பொறுப்புடையோர் கை கழுவிவிடலாகாது. கப்பல் கொட்டியதை அகற்றும் செலவு கப்பலுக்குரியது. ஊர்க் குப்பையை அகற்றுவது பிரதேச சபையின் கடமை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் பிளாஸ்டிக் ஒப்பந்தம் ஒன்றை எட்டாமலே கலைந்தன. உற்பத்தி செய்வோர் உடன்படாத உலகில், பொறுக்கும் சுமை வறிய கரைகளின் மீதே விழும் என்பதை அது உணர்த்தியது. அச்சுமையைப் புன்னகையுடன் ஏற்பதற்குப் பயிற்றுவிக்கும் கண்காட்சியால் மன்னாருக்கு நன்மையில்லை.

மாவட்டச் செயலகமும் கல்வித் திணைக்களமும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இணைந்தால், அடுத்த சுற்றாடல் தினத்திலேயே இம்மாற்றத்தைத் தொடங்கலாம். பெரும் நிதி தேவையில்லை. சேகரித்த குப்பையின் நிறையை மட்டும் அறிவித்துக் கைதட்டி முடிக்காமல், அதன் கணக்கையும் மக்களின் கருத்தையும் எழுத்தில் ஒப்படைத்து, அவற்றுக்கு எழுத்தில் பதில் கோர வேண்டும். கரை ஒரு நாள் சுத்தமாக இருந்தது என்பதைவிட, அதை அசுத்தப்படுத்தியவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருப்பதே நிலைத்த பயன் தரும்.