ஃபார்மாட் செய்வதற்கு முன் ஒரு கேள்வி

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2009-ஆம் வருஷம் ஒரு விசித்திர நோய் வந்தது. ரயில் டிக்கெட் எடுக்கும் தளம் திறந்தது, தினசரிகள் திறந்தன, ஈமெயிலும் திறந்தது. வைரஸ் தடுப்புக் கம்பெனிகளின் தளங்களும் மைக்ரோசாஃப்ட் தளமும் மட்டும் திறக்க மறுத்தன. லைன் கோளாறு என்று எண்ணி இரண்டு நாள் மோடத்தை அணைப்பதும் போடுவதுமாக இருந்தேன்.

பிறகு ரிப்பேர் கடைக்காரர் வந்தார். ஐந்தே நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மாட் மாடிபிடோண சார்" என்றார். எடுத்து வைக்க ஏதாவது உண்டா என்றும் கேட்டார். அதில் அவர்மேல் குற்றமில்லை. "கல்யாண போட்டோ இருக்கே!" என்றாள் மனைவி. அதை எடுத்து வைத்தார். மாலையில் கம்ப்யூட்டர் புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது. பணத்தைக் கொடுத்து நன்றியும் சொன்னேன்.

பத்து நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. அதில் என் அப்பா எழுதியது இருந்தது. 1951-ல் கும்பகோணத்திலிருந்து வேலைக்காக மைசூர் வந்தவர் அவர். ராமானுஜ ரோட்டில் வாடகை அறை, அரைகுறைக் கன்னடத்தில் காய்கறி பேரம், மகாராஜா யானை மீது அம்பாரியில் வந்த தசரா என்று, எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒற்றை விரலால் தமிழில் தட்டித் தட்டி எழுதி வைத்திருந்தார். 2008-ல் அவர் காலமானார். அடுத்த வருஷம் அவர் எழுத்தை நானே தலையாட்டி அழித்தேன்.

பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் மாணவன் பிறகு விளக்கினான். கான்ஃபிக்கர் என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டிவைத்த காலம் அது. 2008 நவம்பரில் வெளிப்பட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 23 அன்றே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் என்னைப் போலக் கோடிக்கணக்கில்! பென் டிரைவ் வழியாகவும் அது பரவியது. எங்கள் வீட்டுக்குக் கல்யாண போட்டோ வந்தது எதில் என்று நினைக்கிறீர்கள்?

இந்த வைரஸின் தந்திரத்தைச் சொல்ல வேண்டும். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், கம்ப்யூட்டர் முதலில் அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடும், டெலிபோன் டைரக்டரி பார்ப்பது போல. கான்ஃபிக்கர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பெயரில் 'வைரஸ்', 'மைக்ரோசாஃப்ட்' போன்ற சொற்கள் இருந்தால் எண்ணைத் தராமல் தடுத்துவிடும். ஊரில் எல்லாத் தெருவையும் திறந்து விட்டு, வைத்தியர் வீட்டுத் தெருவை மட்டும் அடைத்த கள்ளன் அது. இதை எதிர்க்கச் சேர்ந்த நிபுணர் குழு, கண் டாக்டர் அட்டை போல ஒரு பக்கத்தையே வைத்தது. அதில் வைரஸ் தடுப்புத் தளங்களிலிருந்து வரும் படங்கள் மட்டும் தெரியாவிட்டால், நோய் இருக்கக்கூடும் என்று அர்த்தம்.

2004-ல் வந்த மைடூமின் இரண்டாம் வகைக்கு வேறு வழி. விண்டோஸில் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் வைத்தியர்களின் பெயர்களை எழுதி, எதிரே பொய் எண்ணைப் போட்டுவிட்டது. இந்த வேலையைச் செய்யும் வைரஸ்கள் பல, 127.0.0.1 என்ற எண்ணைப் போடும். அது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த எண். வைத்தியரைத் தேடிக் கிளம்பியவன் தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்பான்!

இதற்கெல்லாம் ஃபார்மாட் தேவையா? பெரும்பாலும் இல்லை என்பதே என் கட்சி. சுத்தமான வேறு கம்ப்யூட்டரில் நீக்கும் கருவியை இறக்கி, சிடியில் பதிந்து வந்து ஓட்டியிருந்தால் கான்ஃபிக்கர் போயிருக்கும். வைரஸை விரட்டிய பிறகு (முன்னால் செய்தால் அது மறுபடி எழுதிவிடும்) ஹோஸ்ட்ஸ் கோப்பில் நாம் போடாத வரிகளை நீக்கினால் போதும். ஃபார்மாட் கடைசி வைத்தியம். சில சமயம் அதுவும் வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தலைவலிக்குத் தலையை எடுப்பதையே முதல் மருந்தாகச் சொன்னால், நாமாவது ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?

டிஎன்எஸ்சேஞ்சர் கதையைப் பாருங்கள். அந்த வைரஸ், டைரக்டரியையே மாற்றி, நூறு நாடுகளுக்கு மேல் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களைத் திருடர்களின் டைரக்டரியைப் பார்க்க வைத்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாக்காரர்கள் ஆறு பேர் மீது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வழக்கைப் பகிரங்கப்படுத்தியது. திருடர்களின் இயந்திரங்களைச் சட்டென்று நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையமே போய்விடும் என்பதால், கோர்ட் உத்தரவோடு நல்ல இயந்திரங்களை அவற்றின் இடத்தில் வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். போலீஸ்காரர்களுக்கே அந்தப் பொறுமை இருந்தது! அங்கேயும் வைரஸை நீக்கியபின் திருத்த வேண்டியது நெட்வொர்க் அமைப்பில் உள்ள சில எண்களைத்தான். சில வீடுகளில் ரவுட்டரிலும் பார்க்க வேண்டியிருந்தது, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால். நம்மில் எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்?

இப்போது வழி சுலபம். மத்திய அரசின் செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' தொடங்கி, வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அந்தத் தளமும் திறக்காவிட்டால் வேறொருவர் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதானவர்கள் தனியே வாழும் தமிழ் வீடுகள் இங்கே நிறைய. அவர்கள் கம்ப்யூட்டருக்கு நோய் வந்தால் கடைக்காரர் சொல்வதே வேதவாக்கு. நம் சங்கத்து இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஒதுக்கி இவ்வீடுகளுக்குப் போய், முக்கியமானவற்றைத் தனி டிஸ்கில் நகல் எடுத்துக் கொடுத்தால் என்ன? பட்டிமன்றத்துக்கு மேடை போடும் செலவுகூட ஆகாது. நகல் எடுக்கும்போது "போட்டோ இருக்கா?" என்று மட்டும் கேட்காமல், "வீட்டில் யாராவது ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்றும் கேட்க வேண்டும்.

அப்பா அந்தப் பக்கங்களில் சிலவற்றை 2006, 2007-ல் பழைய சிநேகிதர்களுக்கு ஈமெயிலில் அனுப்பினார் என்று அம்மா சொல்கிறாள். யாருக்கு என்று அவளுக்கு நினைவில்லை. ராமானுஜ ரோட்டு வாடகை அறையைப் பற்றித் தமிழில் எழுதிய ஒரு கடிதம் உங்கள் பழைய மெயில் பெட்டியில் கிடந்தால், தயவுசெய்து அழித்துவிடாமல் சங்க ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.