கயிற்றைக் கட்டிய கைகள்

2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முனைந்த தங்கையும் வெட்டுண்டார். வெட்டியவர்கள் உடன்பயின்ற சிறுவர்கள். அவர்கள் இழைத்த சாதிக் கொடுமையைப் பள்ளியில் முறையிட்டதற்கே இந்தப் பழிவாங்கல்.

இதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. மாணவர்கள் கையில் கட்டும், சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்க, பள்ளிப் பெயர்களில் ஒட்டியுள்ள சாதிப் பெயர்களை நீக்குக, ஆறாம் வகுப்பு முதல் அறநெறிக்கெனத் தனிப் பாடவேளை ஒதுக்குக என்பன அதன் பரிந்துரைகளுள் சில. கயிறுகளுக்கு எதிராக 2019இலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விடுத்தது. அது ஏட்டளவிலேயே நின்றதன் விளைவையும் கண்டோம்.

அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்கலாகாது. எனினும், ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லும் கயிற்றைக் கட்டி அனுப்புவது வீடும் தெருவுமே. ஒரு வீட்டில் தந்தை தம்மினும் இருபது ஆண்டு மூத்த வேலையாளை 'ஏலே' என்று விளிக்கிறார். அருகே நிற்கும் பத்து வயதுப் பையனும் அவ்வாறே விளிக்கிறான். முதியவர் மறுமொழியின்றி ஏவல் செய்கிறார். பையனைக் கடிந்துகொள்ள அவ்வீட்டில் எவரும் இல்லை. நாள்தோறும் நடக்கும் இப்பாடத்தை வாரம் ஒருமுறை வரும் அறநெறி வகுப்பு எங்ஙனம் வெல்லும்?

ஊரும் தன் பங்குக்குக் குறை வைப்பதில்லை. கோயில் கொடை விழாப் பதாகைகளில் மீசை அரும்பாத சிறுவர்களின் படங்கள், சாதிப் பெருமை பேசும் வரிகளோடு அணிவகுக்கின்றன. அதற்குப் பணம் தருவோர் பெரியவர்கள். கூர்நோக்கு இல்லம் செல்வோர் சிறுவர்கள்.

அன்பும் அமைதியும் அறிவுரையால் மட்டும் வளர்வனவல்ல. பிள்ளைகள் கண்ணால் கண்டே கற்கிறார்கள். வீட்டு வாயிலுக்கு வரும் எவரையும் மரியாதையோடு அழைக்கப் பெற்றோர் முதலில் பழகட்டும். விழாக் குழுவினர் தம் பதாகைகளிலிருந்து சிறார் படங்களை அகற்றட்டும். மகன் மற்றொரு பிள்ளையை இழிவுபடுத்தினான் எனப் பள்ளி அழைத்தால், அவனுக்காக வழக்காடப் புறப்படாமல், அவனையும் அழைத்துக்கொண்டு அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்று தந்தை மன்னிப்புக் கேட்கட்டும்.

வெட்டுண்ட அம்மாணவர் சிகிச்சைக்கிடையே படித்து, பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவர் தம் கடமையைச் செய்துவிட்டார். இனிச் செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள்.